ரசம் காயாத கை

அத்தியாயம் 3

"நாங்க கை நனைக்கிறதில்லம்மா" என்று செவந்தி சொன்னதும் திருமுருகனின் வயிறு சத்தமாக ஆட்சேபம் தெரிவித்தது.

அடுப்படியிலிருந்து கருவாட்டுக் குழம்பு வாசம் வந்துகொண்டிருந்தது. காலையில் புதுக்கோட்டையில் குடித்த ஒற்றை டீயோடு விராலிமலை வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவன் அவன்.

"ஒரு வாய்தானேக்கா…" என்றாள் அவர்களை வரவழைத்த வைஷ்ணவி, கையில் இலையோடு.

"கேஸ் முடியாம கட்சிக்காரங்க வீட்டுல சாப்புட்டா, நியாயம் குழம்பு பக்கம் சாஞ்சிரும். எலைய உள்ள வையி. முடிச்சிட்டு வந்து சாப்புடறோம்."

செவந்தி ஒன்பது வருடம் ஒரு தனியார் கல்லூரியின் தேர்வறைகளில் கண்காணிப்பாளராக நின்றவள். பையனின் முகத்தைப் பார்த்தே பிட்டு இருப்பது சாக்ஸிலா, காலரிலா என்று சொல்லுவாள். அந்தத் திறமையை மூலதனமாக வைத்துத்தான் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தாள். அவளிடம் அன்று பிடிபட்டவர்களில் திருமுருகனும் ஒருவன். மற்றவர்களைப் பிடிக்க அவளுக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது, தன்னைப் பிடிக்க ஐந்து நிமிடம் ஆனது என்பதை அவன் இன்றைக்கும் பயோடேட்டாவில் சாதனை என்ற தலைப்பின் கீழ் எழுதுகிறான். இப்போது அவளுக்கு உதவியாளன்.

வாசலில் ஒரு மயில் அகவியது. அந்த வீட்டில் அன்று கேட்ட முதல் ஆண் குரல் அதுதான்.

வீட்டின் உண்மையான ஆண் குரல் கட்டிலில் சாய்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பழனிச்சாமி. சுற்று வட்டாரத்தில் எங்கே ஜல்லிக்கட்டு நடந்தாலும் மேடையில் மைக் பிடித்து வர்ணனை சொன்னவர். ஒருமுறை காளை ஒன்று மேடையேறி வந்து அவரது இடது கையை மிதித்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து அந்தக் கை விரல்கள் மடங்குவதில்லை. அதற்கும் அவரே மைக்கில் "மாடு புடிபடவில்லை" என்று சொல்லி முடித்துவிட்டுத்தான் மயங்கி விழுந்தாராம். போன வருடம் தொண்டையில் புற்றுநோய். ஆபரேஷனில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்துக் குழியில் ஒரு துளை, அதன்மேல் வெள்ளைத் துணி.

"ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு வாரம் அப்பா குரல பதிவு பண்ணேன்க்கா" என்றாள் வைஷ்ணவி. "கைக்குக் கெடச்சத எல்லாம் படிச்சார். சோப்புக் கவரு, கல்யாணப் பத்திரிகை, கரண்ட் அட்டை. அத வச்சு அவர் குரல்லயே பேசற மாதிரி ஆப்ல தயார் பண்ணிட்டேன். அவர் போன்ல டைப் பண்ணி பச்சை பட்டன அழுத்தணும். நெஞ்சுல தொங்கற ஸ்பீக்கர்ல மட்டும் அவர் குரல் வரும். ஆறு மாசமா நல்லாத்தான் பேசிட்டிருந்தார்."

"இப்ப?"

"பத்து நாளா பேசல. ஊரு ஒலகத்துக்கிட்ட மட்டுமில்ல, எங்கிட்டயும். ஸ்பீக்கர தூக்கி அரிசி டிரம்முல போட்டுட்டார்."

"தண்ணியில விழுந்த போனத்தான் அரிசியில போடுவாங்க" என்றான் திருமுருகன்.

"திரு" என்றாள் செவந்தி. வாயை மூடு என்பதற்கு அவள் வைத்திருக்கும் சொல் அது.

நடந்தது இதுதான். பத்து நாளைக்கு முன்னால் பழனிச்சாமி நாலு உறவுக்காரர்களோடு இலுப்பூருக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனார். மாப்பிள்ளை வசந்த், ஷார்ஜாவில் வேலை, லீவில் வந்திருக்கிறான். அவன் அப்பா குணசேகரன் உரக்கடை வைத்திருப்பவர். வழக்கப்படி பெண் போகவில்லை. அங்கே பந்தியில் உட்கார்ந்திருந்தபோது பழனிச்சாமியின் நெஞ்சிலிருந்த ஸ்பீக்கர் பேசியது: "இந்தச் சம்மந்தத்துல எனக்கு இஷ்டமில்லை. இத்தோட நிறுத்திக்குவோம்."

"சம்மதம் இல்லாத வீட்டுல யாரும் கை நனைக்க மாட்டாங்கல்லக்கா. இவரு கையை நனைச்சு, பாதிச் சோறு சாப்புட்டுட்டு இஷ்டமில்லன்னா? குணசேகரன் மாமா எலையத் தூக்கி வீசிட்டாராம். 'எச்சக் கையோட என்னை அவமானப்படுத்திட்டான்'னு இலுப்பூர் பூரா சொல்லிட்டிருக்கார்."

"ஒங்கப்பா என்ன சொல்றாரு?"

"சொல்லலன்னு சொல்றார். கை கழுவிட்டு வந்து, 'அது நான் இல்ல'ன்னு டைப் பண்ணி அழுத்திருக்கார். ஸ்பீக்கர் பேசவே இல்லையாம். செத்த மாதிரி கெடந்துச்சாம்." அவள் குரல் இறங்கியது. "அந்தக் குரலுக்குப் பாஸ்வேர்டு எங்கிட்ட மட்டும்தான் இருக்கு. நான்தான் இங்கேருந்து பேச வச்சேன், அப்புறம் அவர் பேச விடாம பூட்டிட்டேன்னு நெனைக்கிறார். அவருக்கு வாய நானே குடுத்துட்டு நானே பிடுங்கிக்கிட்டேனாம். நோட்டுல எழுதிக் காட்டினார்க்கா. அதோட சரி."

திருமுருகன் அவளைச் சந்தேகத்தோடு பார்த்தான். சந்தேகப்படுவதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். குரலைச் செய்தவள், பாஸ்வேர்டு வைத்திருப்பவள், அழுகிறவள். அவன் பார்த்த தேர்வறைகளில் பிட்டோடு பிடிபட்டவர்கள் எல்லோருமே அழுதார்கள். அவனையும் சேர்த்து.

"மாப்பிள்ளைய ஒங்களுக்குப் புடிச்சிருந்துச்சா?" என்று கேட்டான்.

வைஷ்ணவி தரையைப் பார்த்தாள். "இல்ல. கல்யாணமே இப்ப வேணாம்னு இருந்தேன். அப்பா என்னைக் கேக்கவே இல்ல. திருச்சியில ஒரு கம்பெனியில வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. ஆனா சத்தியமா நான் பண்ணலண்ணா."

திருமுருகன் செவந்தியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். நோக்கம், வசதி, வாய்ப்பு எல்லாம் ஒரே இடத்தில். இங்கேயே கேஸ் முடிந்தது, இலையைப் போடலாம் என்பது அந்தப் புருவத்தின் சுருக்கம்.

"வீடியோ இருக்கா?" என்றாள் செவந்தி.

இருந்தது. யாரோ ஒரு சித்தப்பா பந்தியை எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். செவந்தி அதை மூன்று முறை பார்த்தாள். வாழையிலை. பழனிச்சாமியின் வலது கை ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கிறது. முழங்கை வரை ரசம் வழிகிறது. இடது கை மடியில் மரக்கட்டை போலக் கிடக்கிறது. போன் சட்டைப் பையில். படத்துக்கு வெளியிலிருந்து குணசேகரனின் குரல்: "சம்மந்தி கை நனைச்சாச்சு! இனி என்ன பேச்சு? தை பொறந்ததும் தேதி!" ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு ஸ்பீக்கர் பேசுகிறது. பழனிச்சாமி பிசைவதை நிறுத்திவிட்டுத் தன் நெஞ்சையே குனிந்து பார்க்கிறார், அங்கே யாரோ ஏறி உட்கார்ந்துவிட்டதைப் போல.

"வலது கையில ரசம். இடது கை வேலை செய்யாது" என்றான் திருமுருகன். "அவரு அழுத்தல. அப்ப நெட் வழியா இங்கேருந்து…" என்று வைஷ்ணவி பக்கம் திரும்பினான்.

"ஒங்கப்பா மத்தியானம் எத்தன மணிக்குச் சாப்புடுவாரு?" என்று கேட்டாள் செவந்தி.

"டாண்ணு ஒரு மணிக்கு. பன்னெண்டரைக்குச் சுகர் மாத்திரை போட்டுருவார். சாப்புடலன்னா கை நடுங்கும், கண்ணு இருட்டும். மாத்திரை எடுத்துக் குடுத்து அனுப்பினதே நான்தான்."

"வீடியோவுல மணி ஒண்ணு இருவது." செவந்தி போனைத் திருப்பிக் கொடுத்தாள். "இன்னொரு தடவ கண்ண மூடிக் கேளு. ஒங்கப்பா வீட்டுல இப்படித்தான் பேசுவாரா?"

வைஷ்ணவி கேட்டாள். ஒவ்வொரு வரியின் கடைசியும் பிடியிலிருந்து திமிறி ஓடும் மாட்டைப் போல மேலே ஏறியது. அவள் கண்ணைத் திறந்தபோது முகம் மாறியிருந்தது.

"இது மைக் குரலுக்கா. வீட்டுல அப்பா சத்தமே போட மாட்டார். நான் பதிவு பண்ணது வீட்டுக் குரல். இத்தன நாளா இத முழுசாக் கேக்கவே எனக்குத் தைரியம் வரல…"

"ஒங்கப்பாவுக்கே வித்தியாசம் தெரியலையா?"

"அவர் எப்பவும் மைக்குக்குப் பின்னாடி நின்னவர்தானேக்கா. முன்னாடி எப்படிக் கேக்கும்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

செவந்தி எழுந்து உள்ளே போனாள். அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டு, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதான கறுப்பு ஸ்பீக்கரை எடுத்து, சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்து, அரிசியைத் தட்டிவிட்டுக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பழனிச்சாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் போன் மட்டும் சட்டைப் பையில் இருந்தது. அதை யாரும் தொட அவர் விடுவதில்லை.

இலுப்பூர் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. திருமுருகனுக்கு அது ஆறுதலாக இல்லை. வழியெல்லாம் ஓட்டல்கள்.

"எனக்கு இன்னும் அந்தப் பொண்ணு மேலதான் சந்தேகம்க்கா."

"அப்பா ஒரு மணிக்குச் சாப்புட உக்காருவாருன்னு அவளுக்குத் தெரியும். வேணாம்னு பேச வைக்கணும்னா பன்னெண்டு மணிக்கே, கை காஞ்சிருக்கறப்பவே பேச வச்சிருப்பா. யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது. ரசத்துல கை இருக்கறப்பவா அழுத்துவா?"

"அப்ப தூரத்துல இருக்கற வேற யாரோ, நேரம் தெரியாம…"

"குணசேகரன் தேதி சொன்னாரு. அடுத்த மூச்சுல ஸ்பீக்கர் பதில் சொல்லுது. அந்தச் சத்தம் விராலிமலைக்குக் கேக்குமா? பக்கத்துல இருந்து கேட்டவன்தான் பயந்து போய் அழுத்திருக்கான். ஈரக் கையப் பாக்கவும் அவனுக்கு நேரமில்ல."

"அப்ப குணசேகரனே?"

"அவருக்குத்தான் கை நனைஞ்சிருச்சே. நெனச்சது நடந்துருச்சு. கெடுக்க அவருக்கென்ன பைத்தியமா?"

திருமுருகன் யோசித்தான். பசியில் யோசனை பரோட்டாவைச் சுற்றியே வந்தது.

குணசேகரனின் வீட்டை விசாரிக்கத் தேவை இருக்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் இறங்கியதுமே அவர் குரல் கேட்டது. அதைப் பிடித்துக்கொண்டே நடந்தார்கள். கூடத்தில் நின்றபடி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். போன் இல்லாமலே அந்த ஆளுக்குக் கேட்டிருக்கும்.

"யாரு? டிடெக்டிவா? அந்தாளுக்கு டிடெக்டிவ் ஒரு கேடா! கைய நனைச்சான் அம்மா, எங்க வீட்டு ரசத்துல! எட்டு ஊரு சனம் பாத்துச்சு! நனைச்ச கை காயறதுக்குள்ள இஷ்டமில்லேங்கறான்! நாங்க என்ன ரோட்டுல கெடக்கறவங்களா? எங்க பாட்டன் காலத்துலேருந்து…"

பாட்டன் காலத்திலிருந்து நிகழ்காலம் வரை வந்துசேர அவருக்குப் பதினொரு நிமிடம் பிடித்தது. திருமுருகன் கடிகாரத்தில் பார்த்தான். நடுவில் யாரும் ஒரு "உம்" கூடப் போட முடியவில்லை. ஓர் ஓரத்தில் வசந்த் நின்றிருந்தான். அயர்ன் மடிப்புக் கலையாத சட்டை, கையில் பெரிய போன்.

"காப்பி சாப்புடறீங்களா?" என்று அவர் மூச்சு வாங்கியபோது, செவந்தி புன்னகையோடு தலையை ஆட்டி மறுத்தாள். அவள் கை பைக்குள் போனது. உள்ளேயிருந்து "டொய்ங்" என்று மெலிதாக ஒரு சத்தம்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"என் வயிறுங்க" என்றான் திருமுருகன், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "காலையிலேருந்து சாப்புடல."

"தம்பி" என்று செவந்தி வசந்திடம் திரும்பினாள், "அன்னிக்கு அந்த ஸ்பீக்கர யாராவது கையில வாங்கினாங்களா?"

"தெ… தெரியலக்கா."

"ஏன்டா, நீதானே சார்ஜ் போட்டுத் தரேன் மாமான்னு வாங்கிட்டுப் போனே?" என்றார் குணசேகரன். "எம் மகன் மரியாதை தெரிஞ்சவன்ம்மா! அவனுக்குப் போயி இப்படி…"

"நல்ல புள்ள. தம்பி, பந்தி வீடியோவுல ஒரு ஆள அடையாளம் காட்டணும். நம்பர் குடுங்க, திரு அனுப்புவான். தொறந்து பாருங்க."

வசந்த் நம்பர் சொன்னான். திருமுருகன் அனுப்பினான். வசந்த் திரையைத் தொட்டான்.

படம் அவன் கையில் ஓடியது. சத்தம் அங்கே வரவில்லை. செவந்தியின் கைப்பை உரக்கக் கத்தியது: "சம்மந்தி கை நனைச்சாச்சு! இனி என்ன பேச்சு? தை பொறந்ததும் தேதி!"

தன் குரல் ஒரு பெண்ணின் கைப்பையிலிருந்து வருவதைக் கேட்டுக் குணசேகரன் ஓரடி பின்வாங்கினார். பை ஒரு மூச்சு விட்டது. பிறகு பழனிச்சாமியின் மைக் குரலில் சொன்னது: "இந்தச் சம்மந்தத்துல எனக்கு இஷ்டமில்லை. இத்தோட நிறுத்திக்குவோம்."

செவந்தி ஸ்பீக்கரை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இது புளூடூத் ஸ்பீக்கர், ஒரு தடவ சேந்த போன மறக்காது. பக்கத்துல கண்டா தானாப் போய் ஒட்டிக்கும். இந்தப் பத்து நாள்ல அரிசியத் தவிர யாரும் இதத் தொடல. இது ஏன் தம்பி ஒங்க போனோட ஒட்டுது?"

வசந்த் போனைப் பைக்குள் போடப் போய், கையிலேயே வைத்துக்கொண்டான்.

"அன்னிக்கு இது ஒங்க போனோட சேந்திருந்துச்சு. அதனாலதான் அவரு கை கழுவிட்டு வந்து அழுத்தினப்போ இது பேசல. அவரோட வாய் ஒங்க பாக்கெட்டுல இருந்துச்சு."

குணசேகரன் மகனைப் பார்த்தார். அந்த வீட்டின் பேச்சில் முதல்முறையாக ஓர் இடைவெளி விழுந்தது. தெருவில் பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தார்.

"யூடியூப்ல மாமாவோட வர்ணனை நூத்துக்கணக்குல கெடக்குக்கா" என்றான் வசந்த். அவன் குரல் அவனைவிட இரண்டு வயது சின்னதாக இருந்தது. "ஒரு ஆப்ல போட்டு ரெண்டு வரி தயார் பண்ணேன். சம்மதமான்னு கேக்கறப்ப அழுத்தலாம்னு இருந்தேன். யாரும் கேக்கவே இல்ல. அவர் திடீர்னு எலையில உக்காந்துட்டார். அப்பா தேதியே சொல்லிட்டார். பயத்துல அழுத்திட்டேன்."

"ஏன்டா?" என்றார் குணசேகரன். அவருக்கு அவ்வளவு சின்னக் கேள்வி கேட்கத் தெரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஷார்ஜாவுல பிளெஸ்ஸின்னு ஒரு பொண்ணு. நர்ஸ். மூணு வருஷமாச் சொல்லணும்னு இருக்கேன்ப்பா. எனக்குத் தொண்டை இருக்கு, ஒங்க முன்னாடி வேலை செய்யாது."

"பேச முடியாத மனுசனோட குரல நீ எடுத்துப் பேசிட்டே" என்றாள் செவந்தி. "வண்டிய எடு. அந்த வாக்குமூலத்த அவர்கிட்ட சொல்லு. ஆப் வேணாம், சொந்தத் தொண்டையில."

விராலிமலை வீட்டுக்கு அவர்கள் வந்துசேர்ந்தபோது மணி மூன்றரை. வசந்த் கட்டிலுக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னான். இரண்டு இடத்தில் குரல் உடைந்தது, ஆனாலும் வந்தது. குணசேகரன் வாசலோடு நின்றுவிட்டார். பேசாமல் நிற்பது எப்படி என்று அந்தத் தொழிலைப் புதிதாகக் கற்றுக்கொள்பவரைப் போலக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

பழனிச்சாமி சுவரிலிருந்து பார்வையை எடுத்தார். வசந்தைப் பார்த்தார். வைஷ்ணவியைப் பார்த்தார், ரொம்ப நேரம். அவள் வசந்தின் போனோடு இருந்த இணைப்பைத் துண்டித்து, அப்பாவின் போனோடு சேர்த்து, ஸ்பீக்கரை அவர் கழுத்தில் மாட்டிவிட்டாள். அதன் இடுக்கில் இன்னும் ஓர் அரிசி ஒட்டியிருந்தது.

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். டைப் செய்யவில்லை. கட்டை விரலால் பழைய வரிகளை மேலே தள்ளிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றது. திருமுருகன் எட்டிப் பார்த்தான். பட்டனை அழுத்திய வரிகளுக்குப் பக்கத்தில் எல்லாம் பச்சைப் புள்ளி. இந்த ஒரு வரிக்குப் புள்ளி இல்லை. தேதி, பத்து நாளைக்கு முந்தையது. நேரம், பன்னிரண்டு ஐம்பது.

அவர் அழுத்தினார்.

"பொறுங்க சம்மந்தி" என்றது வீட்டுக் குரல், மெதுவாக, இழுவை இல்லாமல். "எம் பொண்ண இன்னும் நான் ஒரு வார்த்தை கேக்கல. அவளக் கேட்டுட்டுத்தான் சொல்லுவேன்."

செவந்தி குனிந்து திரையில் இருந்த நேரத்தைப் பார்த்தாள்.

"அன்னிக்கே அடிச்சு வச்சிருக்காரு" என்றாள் செவந்தி தாழ்ந்த குரலில். "அழுத்த ஒரு இடைவெளி கெடைக்கல. ஒரு மணி ஆச்சு, கை நடுங்கிருச்சு, சாப்புட உக்காந்துட்டாரு. அத நீங்க சம்மதம்னு எடுத்துக்கிட்டீங்க. கை சொன்னதும் அவரு சொன்னதில்ல, ஸ்பீக்கர் சொன்னதும் அவரு சொன்னதில்ல."

வாசலில் குணசேகரன் தலையைக் குனிந்தார். "இடைவெளி… நான்தான்…" என்று ஆரம்பித்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டார்.

பழனிச்சாமியின் கட்டை விரல் வேலை செய்தது. எழுத்து எழுத்தாக, நிதானமாக.

"புத்தி கெட்டு ஒன்னச் சந்தேகப்பட்டுட்டேன் பாப்பா. இப்பக் கேக்குறேன். ஒனக்கு என்ன இஷ்டம்?"

வைஷ்ணவி வசந்தைப் பார்த்தாள். வசந்த் கெஞ்சும் கண்ணோடு அவளைப் பார்த்தான். உலகத்தில் எந்த மாப்பிள்ளையும் பெண் வேண்டாம் என்று சொல்ல வேண்டுமென்று அவ்வளவு உருக்கமாக வேண்டியிருக்க மாட்டான்.

"வேணாம்ப்பா. திருச்சிக்கு வேலைக்குப் போறேன்."

பழனிச்சாமி தலையசைத்தார். மறுபடி கட்டை விரல். இந்த முறை வரி சின்னது.

"எலையப் போடு. வந்தவங்க எல்லாருக்கும்."

குணசேகரன் தயங்கினார். "நாங்களுமா? இங்க கை நனைக்கிறதுன்னா…"

"இனி யாரு நனைச்சாலும் பயமில்லீங்க" என்றான் திருமுருகன். "தேதி மட்டும் சொல்லாதீங்க."

கொல்லைப்பக்கம் ஓடிக் கையைக் கழுவிக்கொண்டு, சட்டையிலேயே துடைத்துக்கொண்டு அவன் திரும்பி வந்தபோது, செவந்தி குழம்பை முடித்துவிட்டு ரசத்துக்கு வந்திருந்தாள்.